கோல்கீப்பருக்குப் பதிலாகப் படுத்திருந்தேன்

என் அக்கா மகள் நித்யா பெங்களூரில் இருக்கிறாள். சுவர்களில் ஓவியம் வரைவது அவள் தொழில். போன ஜூலைக் கடைசியில் ஒரு காலை போன் செய்து, "மாமா, உங்க உடம்பு எனக்கு ஒரு வாரம் வேணும்" என்றாள்.

நாளிதழில் வேலை பார்த்த காலத்தில் என்னிடம் பலர் பலவற்றைக் கேட்டிருக்கிறார்கள். உடம்பை யாரும் கேட்டதில்லை.

"ஆறடி உயரம் இருக்கணும். சதை இருக்கக் கூடாது. எலும்பு நல்லாத் தெரியணும். யோசிச்சுப் பார்த்தேன், நம்ம சொந்தத்துல நீங்க ஒருத்தர்தான்" என்றாள். ஓய்வு பெற்ற பிறகு என்னைப் பற்றி யாரும் இவ்வளவு திட்டவட்டமாகப் பேசியதில்லை. திருச்சியில் ஆடி பிறந்தும் வெயில் இறங்கவில்லை. கிளம்பிவிட்டேன்.

நித்யா ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருக்கிறாள். வீட்டுக்காரர் தமிழ்க் கிறிஸ்தவர், மூன்று தலைமுறையாக அங்கேயே இருப்பவர். என் பெட்டியைப் பார்த்து, "மெட்ராஸா?" என்று கேட்டார். திருச்சி என்றேன். "அதான், மெட்ராஸ்" என்றார்.

முதல் நாள் காலை தெருமுனை ஓட்டலில் செட் தோசை சாப்பிட்டோம். மெத்தென்று, மூன்று சேர்ந்து ஒரு தட்டாக வருகிறது. சாம்பாரில் வெல்லம் இருந்தது. பெங்களூர் போன எல்லோரும் இதைப் பற்றி எழுதிவிட்டதால் நான் விட்டுவிடுகிறேன். காபி வந்தபோது நித்யா ஒன்றை வாங்கி இரண்டு டம்ளரில் ஊற்றச் சொன்னாள். அங்கே அதற்கு 'பை டூ' என்று பெயர். எங்கள் ஊரில் அப்படிக் கேட்டால் கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். இங்கே வேலைக்குப் போகிற இளைஞர்கள்கூடக் கூச்சமில்லாமல் கேட்டுக் குடிக்கிறார்கள்.

காபியின் பாதியைக் குடித்துக்கொண்டே, என்னை எதற்குக் கூப்பிட்டாள் என்பதைச் சொன்னாள்.

ரயில் பாதையின் அந்தப் பக்கம் ஜீவனஹள்ளி. அங்கே ஒரு கால்பந்து மைதானம், அதற்கு ஒரு மதில். உள்ளூர் கிளப் ஒரே ஒரு முறைதான் கோப்பை வென்றிருக்கிறது. அந்த இறுதி ஆட்டம் நடந்ததும் அதே மைதானத்தில்தான், எதிரணி ரிச்சர்ட்ஸ் டவுன். ஒரே கோல். அடித்தவர் தேவராஜ், வாங்கியவர் ரிச்சர்ட்ஸ் டவுன் கோல்கீப்பர் பிரான்சிஸ். இருவரும் இப்போது அறுபதைத் தாண்டியவர்கள். அந்த கோலை மதிலில் ஆள் உயரத்தில் வரைய வேண்டும் என்று கிளப்பில் கேட்டிருந்தார்கள். படம் எதுவும் கிடையாது. அன்றைக்கு யாரும் கேமரா கொண்டுவரவில்லை.

"ஆள் ரெண்டு பேரையும் வரைஞ்சிடுவேன் மாமா. பந்தை எங்க வைக்கறதுன்னுதான் தெரியல."

பிரான்சிஸ் பாய்ந்தபோது பந்து அவர் விரலில் பட்டதா, படவில்லையா என்பதுதான் தகராறு. பட்டது என்று அவர் அன்றிலிருந்து சொல்லிவருகிறார். படவே இல்லை, விரலுக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு சைக்கிள் போயிருக்கலாம் என்பது தேவராஜ் கட்சி. இருவரும் பேசிக்கொள்ளாதவர்கள் என்று நினைக்க வேண்டாம். ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மற்றவர் போயிருக்கிறார். ஒரே பேக்கரியில் காரா பன் வாங்குகிறவர்கள். அந்த ஒரு பேச்சு வந்தால் மட்டும் ஒருவர் எழுந்து போய்விடுவார்.

நித்யா இருவரையும் வைத்து வரைய நினைத்திருக்கிறாள். "தொட்ட மாதிரி வரைஞ்சா வரேன், இல்லன்னா வேற ஆளைப் பாரு" என்று பிரான்சிஸ் சொல்லிவிட்டார். "தொட்ட மாதிரி வரைஞ்சா என் மூஞ்சியை அழிச்சிடு" என்றார் தேவராஜ். அந்த வேற ஆள் நான்.

மைதானத்தை ஒட்டித் தகரக் கூரை போட்ட கிளப் அறை. மதிலில் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். திருச்சியில் இப்படி ஒரு வெள்ளைச் சுவர் ஒரு நாள் தாங்காது. அடுத்த மாநாட்டுக்கு எந்தக் கட்சியாவது முன்பதிவு எழுதிவிடும். தேவராஜ் வாசலிலேயே நின்றிருந்தார். குள்ளம், அகலமான தோள், நல்ல தொப்பை.

"வாங்க சார். பொண்ணு சொல்லிக்கினே இருந்துச்சு, மாமாவுக்கு உங்களாட்டம் தொப்பை இல்லன்னு. நெஜம்தான்" என்றார்.

அவர் மனைவி சரசு பிளாஸ்கில் டீ கொண்டுவந்திருந்தார். தேவராஜ் அரைக்கால் சட்டையில் நிற்பதை மேலும் கீழுமாகப் பார்த்தார். "வீட்ல ஒரு சிலிண்டரை நவுத்துறதுக்கு அந்தக் கால் வராது. செவுத்துக்குன்னா மட்டும் தூக்கிக்கினு நிப்பாரு."

"நீ போ சரசு. மூட் போயிடும்."

"ஆமா, இவுரு ஹீரோ."

தேவராஜ் இடதுகால் ஆட்டக்காரர். வலது காலில் நின்று இடதுகாலைப் பின்னால் வீச வேண்டும். வலது முழங்கால் தேய்ந்துபோனதால் அப்படி நிற்க அவரால் முடியாது. நித்யா கூரையின் இரும்புக் குழாயில் ஒரு துப்பட்டாவைக் கட்டித் தொட்டில் போலத் தொங்கவிட்டு, அதில் அவர் இடது கணுக்காலை வைத்தாள். பிடித்துக்கொள்ள ஒரு நாற்காலி. அந்தக் கோலத்தில் கோல் அடிப்பவராக அவரை யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் தாளில் துப்பட்டா இல்லை, நாற்காலி இல்லை.

அவள் வேலை செய்கிற விதத்தை அன்று முழுக்கப் பார்த்தேன். முதலில் நியூஸ்பிரின்ட் தாள். நான் வாழ்நாளெல்லாம் கையில் மசியோடு தொட்ட அதே தாள், ஒன்றும் அச்சாகாமல் வெறுமையாக இருந்தது. அதில் ஒரு நிமிடத்துக்கு ஒரு படம் என்று வேகமாக வரைந்து தள்ளினாள். முகம் கிடையாது, விரல் கிடையாது. தலைக்கு ஒரு முட்டை, முதுகுக்கு ஒரு கோடு, எடை விழுகிற காலுக்கு ஒரு கோடு.

"முகம் கடைசி மாமா. எடை எங்க இறங்குதுன்னு முதல்ல பிடிக்கணும். அது தப்பாப் போச்சுன்னா எவ்ளோ அழகா வரைஞ்சாலும் ஆள் விழுந்துடுவான்."

அதற்குப் பிறகுதான் கெட்டித் தாளும் கூர் சீவிய பென்சிலும். கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலின் மேல் கட்டைவிரலை நகர்த்தி அளந்தாள். தலை ஒரு பங்கு என்றால் உடம்பு எத்தனை பங்கு என்று பார்க்கிறாளாம். தேவராஜுக்கு எத்தனை என்று சொல்ல மறுத்துவிட்டாள்.

தொப்பையும் அப்படியே தாளில் வந்தது. தேவராஜ் எட்டிப் பார்த்துவிட்டு முகம் சுருங்கினார்.

"இன்னாம்மா இது? இவனா கோல் அடிச்சான்? இவன் பிரியாணி துன்னுட்டு வந்தவன் மாதிரி இருக்கான்."

"இருக்கறதைத்தான் அங்கிள் முதல்ல வரைவேன். அப்பறம் மேல ட்ரேசிங் பேப்பர் வச்சு வயசைக் கழிச்சிடுவேன். தொப்பை, கூன், கண்ணாடி எல்லாம் போயிடும்."

"கழிச்சா நான்தான்னு தெரியுமா?"

"எலும்பு மாறாது அங்கிள்."

அவர் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னார்: "நான் அடிக்கறப்ப எப்டி இருப்பேன்னு எனக்குத் தெரியாது சார். ஊரெல்லாம் பார்த்துச்சு. நான் மட்டும் பார்த்ததில்ல."

மறுநாள் என் முறை. நான் படுப்பதற்கு ஷாமியானா கடையிலிருந்து மெத்தை எடுத்துவரும் பொறுப்பும் எனக்கே வந்தது. ஆட்டோவில் மெத்தை பாதி உள்ளே, பாதி வெளியே, நடுவில் நான். இரவு பெய்த மழையில் ரயில் பாலத்துக்கு அடியில் தண்ணீர் நின்றிருந்தது. ஓட்டுநர் வண்டியை நிறுத்தி யோசிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் வேகம் கூட்டினார். சரியாக நடுவில் என்ஜின் அணைந்தது. பின்னால் பைக்கில் வந்தவர் கன்னடத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். என்ன சொன்னார் என்று கேட்டேன். "மெத்தை இருக்கே, தூங்கிட்டு நாளைக்குப் போங்கன்னு சொல்றான் சார்" என்றார் ஓட்டுநர். இருவரும் இறங்கித் தள்ளினோம். மெத்தையின் வெளிப்பாதி நனைந்தது. உள்பாதியில் நான் படுத்தேன்.

இரண்டு பெஞ்சுகளை ஒன்றாகச் சேர்த்து, மேலே மெத்தை. வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, வலது கையைத் தலைக்கு மேல் நீட்டி, இடது முழங்காலை மடக்க வேண்டும். நீட்டிய கை தாங்காது என்பதால் கூரைக் குழாயிலிருந்து ஒரு கயிற்று வளையம். அதைப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள். அதன் பிறகு அந்த அறையில் நடந்த எதையும் நான் பார்க்கவில்லை, கேட்டேன்.

அசையாமல் இருப்பது உட்கார்ந்து எழுதுவதைவிடக் கடினமான வேலை. முதலில் மூக்கு அரிக்கிறது. அதை வென்றால் காது. பிறகு வலது தோள் மரத்து, யாரோ ஒருவருடைய தோள் ஆகிவிடுகிறது. பென்சில் தாளில் உரசும் சத்தம் நிற்கும்போதெல்லாம் எந்த இடத்தில் என்னைப் பிடிக்கவில்லை என்று கவலை வருகிறது. வெளியூர் போனால் நாலு இடம் சுற்றிப் பார்ப்பார்கள். நான் அன்று பெங்களூரில் பார்த்தது ஒரு மங்கலான தகரக் கூரை.

பிற்பகலில் வாசல் பக்கம் ஒரு புதிய குரல் கேட்டது.

"யாரும்மா இவரு? ஏதாவது அட்டாக்கா?"

"கோல்கீப்பர், அங்கிள்" என்றாள் நித்யா.

"எந்த டீமுக்கு?"

"உங்க டீமுக்கு. உங்களுக்குப் பதிலா."

பிறகு செருப்புச் சத்தம் என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"இப்படி விழுந்திருந்தா அன்னிக்கு ஒண்ணு இல்ல, ஒன்பது வாங்கியிருப்பேன். இடுப்பு தரையைப் பார்க்குது. இடுப்பு பந்தைப் பார்க்கணும் சார். பாயறவன் வயத்தைக் காட்டுவானா? எழுந்திருங்க."

எழுந்து கண்ணாடியைப் போட்டேன். எதிரில் பிரான்சிஸ். என் உயரம், என் ஒல்லி, தலை முழுக்க நரை. நித்யா சொந்தத்தில் தேடி என்னைப் பிடித்தது ஏன் என்று புரிந்தது. தேவராஜ் மூலையில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா மேன், வேடிக்கை பார்க்க வந்தியா?" என்றார்.

"என்னைக் கேவலமா விழ வச்சுட்டு இருக்கீங்கன்னு பேக்கரியில சொன்னாங்க. நெஜமான்னு பார்க்க வந்தேன்."

"சும்மா வந்த மாதிரி தெரியலயே."

பிரான்சிஸ் அவருக்குப் பதில் சொல்லாமல் நித்யாவிடம், "நாளைக்கு நான் வரேம்மா" என்றார்.

"பந்து விஷயம், அங்கிள்?"

"அது அப்பறம் இருக்கட்டும். விழறதை முதல்ல ஒழுங்கா விழுவோம்."

நான் வேலை இழந்தேன் என்று நினைத்தேன். இல்லை. மறுநாள் பிரான்சிஸ் பெஞ்சில் படுத்தபோது, அவர் சொன்னது சரி என்று எனக்கே தெரிந்தது. இடுப்பு திரும்பியதும் முதுகில் ஒரு வில் வந்தது. நித்யாவின் பென்சில் நிற்காமல் ஓடியது. ஆனால் இடது இடுப்பில் அறுவை சிகிச்சை செய்திருந்ததால் அவர் கால் மடங்கவில்லை. "இடுப்புக்கு மேல நீங்க, கீழ மாமா" என்று தீர்ப்புச் சொன்னாள். ஓவியர்கள் இதைச் சாதாரணமாகச் செய்கிறார்களாம். ஒருவர் தோள், ஒருவர் கால், தாளில் ஒரே ஆள். பத்திரிகையில் இரண்டு நிருபர்களின் செய்தியை ஒன்றாக்கி ஒரு பெயரில் போடுவோம். அது போலத்தான்.

மதியம் பிரான்சிஸ் வீட்டிலிருந்து மஞ்சள் சோறும் கொத்துக்கறி உருண்டைக் குழம்பும் வந்தன. தேங்காய்ப் பால் விட்டுச் சமைத்த சோறு. தேவராஜ் முதலில் வேண்டாம் என்றார். பிறகு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். "கோல் வுட்டாலும் வீட்ல சமையல் நல்லாத்தான் இருக்கு" என்றார். "உன் தொப்பையைக் கழிக்கற பொண்ணுக்குத்தான் இன்னிக்கு ஓவர்டைம்" என்றார் பிரான்சிஸ்.

சாப்பாட்டுக்குப் பின் கையை மட்டும் தனியாக ஒரு பெரிய தாளில் வரைய வேண்டியிருந்தது. அதற்குக் கயிற்று வளையத்தை விட்டுவிட்டு, பந்தை நோக்கி விரல்களை விரிக்கச் சொன்னாள். பிரான்சிஸ் விரித்தார்.

"அங்கிள், மோதிர விரல் மடங்கியிருக்கு. நீட்டுங்க."

"வரைம்மா."

"எல்லா விரலும் நீண்டாத்தான் பாயற மாதிரி வரும். அதை மட்டும் கொஞ்சம்."

"அது அவ்ளோதாம்மா. நீளாது."

நடுக் கணுவில் முடிச்சுப் போல வீங்கி, விரல் உள்பக்கமாக வளைந்திருந்தது. நான் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்: "எப்ப ஆச்சு?"

"அன்னிக்குத்தான்" என்றார்.

தேவராஜ் டம்ளரைக் கீழே வைத்தார். "எந்த அன்னிக்கு?"

"எத்தனை அன்னிக்கு இருக்கு மேன்? ஃபைனல் அன்னிக்கு. ராத்திரி வீங்கிடுச்சு. கட்டு போட்டாங்க. சரியாச் சேரல."

"இத்தினி வருஷம் ஏன் சொல்லல? தொட்டேன் தொட்டேன்னு கத்துனியே, விரலைக் காட்ட வேண்டியதுதானே?"

"காட்டினா என்ன சொல்லியிருப்பே? விரல் ஒடஞ்சதுக்கு அழுவுறான்னு சொல்லியிருப்பே."

"சொல்லியிருப்பேன்" என்று தேவராஜ் ஒப்புக்கொண்டார்.

"அதோட, பந்துல பட்டுச்சா, போஸ்ட்ல பட்டுச்சான்னு எனக்கே தெரியாது. பாஞ்சேன், விரல்ல ஒரு இடி, விழுந்தேன். திரும்பிப் பார்த்தா பந்து உள்ள. பந்துதான்னு நெனச்சேன். சத்தியம் பண்ணுன்னா எப்படிப் பண்றது?"

நித்யா கை நிற்காமல் வரைந்தாள். விரித்த கை தளர்வதற்குள் முடிக்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ. தேவராஜ் எழுந்து, "முட்டி வலிக்குது, கெளம்பறேன்" என்று வெளியே போனார்.

அடுத்த நாள் விடியும்போதே மழை. தாள் நமத்துப்போகும் என்று நித்யா வேலையை நிறுத்தினாள். நல்ல பென்சில் வாங்கிவர என்னைக் கடைவீதிக்கு அனுப்பினாள். பஸ்ஸில் கண்டக்டர் கன்னடத்தில் விடாமல் சொல்லிக்கொண்டே வந்ததை என் பக்கத்தில் நின்றவர் தமிழில் சொன்னார்: "உள்ளே போங்க, உள்ளே போங்க, உள்ளே கல்யாண மண்டபம் மாதிரி இடம் இருக்கு." உள்ளே மூச்சு விட இடமில்லை.

அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒரு புதிய பழக்கம் வந்திருப்பதைக் கவனித்தேன். முகங்களைப் பார்ப்பதற்கு முன் எடை எங்கே இறங்குகிறது என்று பார்த்தேன். கம்பியைப் பிடித்துத் தொங்கிய ஒரு பெண்ணின் முழு உடம்பும் வலது குதிகாலில் நின்றது. லேப்டாப் பையை மார்பில் மாட்டியிருந்த இளைஞன் பின்பக்கம் சாய்ந்து அதைச் சமன் செய்திருந்தான். அசையாமல் நிற்பவர் என்று அந்தப் பஸ்ஸில் ஒருவரும் இல்லை. எல்லோரும் விழாமல் இருக்கும் வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது ஜீவனஹள்ளியில் இறங்கி மைதானம் வழியாக நடந்தேன். மழை தூறலாகியிருந்தது. மைதானம் முழுக்கச் சேறு. அதில் ஒரே ஒரு ஆள் குடையோடு கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றிருந்தார். தேவராஜ்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் வலது கம்பத்தின் அருகில் போனார். குடையைச் சுருக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார். கம்பத்தில் ஓர் உயரத்தில் கையை வைத்தார். பிறகு கையை அதே உயரத்தில் நீட்டியபடி, நடுவை நோக்கி ஓர் எட்டு, இன்னோர் எட்டு. நொண்டியபடி பந்து அடித்த இடத்துக்குப் போய்த் திரும்பிப் பார்த்தார். மறுபடி கம்பத்துக்கு வந்தார். இப்படி எத்தனை முறை நடந்தார் என்று நான் எண்ணவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. அவர் என்ன கண்டுபிடித்தார் என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. இன்னும் நிருபராக இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

அன்று இரவு ட்ரேசிங் தாள்களை நித்யா தரையில் பரப்பினாள். தேவராஜின் தொப்பை போயிருந்தது. தொங்கிய இடதுகாலில் தசையை இறுக்கியிருந்தாள். துப்பட்டாவில் கிடந்த கால் இப்போது பாய்ந்தது. பிரான்சிஸின் கூன் போயிருந்தது. என் கால்களின் நரம்பு முடிச்சுகளையும் தயவாக எடுத்திருந்தாள். எல்லாம் முடிந்து, அந்தக் கையில் வந்து நின்றாள்.

"இந்த விரலையும் கழிக்கணும் மாமா. பந்து வர்ற நேரத்துல விரல் நேராத்தானே இருந்திருக்கும்? அதுக்கு அப்பறம்தானே மடங்குச்சு?"

"கழிச்சிடு" என்றேன்.

"கழிச்சா தொடலன்னு ஆயிடும். நேரா இருக்கற விரலுக்குப் பக்கத்துல சும்மா ஒரு பந்து. மடங்குன மாதிரி விட்டா, அது பந்துலதான் மடங்குச்சுன்னு நான் சொல்ற மாதிரி." பென்சிலின் மறுமுனையைக் கடித்தாள். "அங்க யாரையாவது கேட்டுத்தான் ஆகணும்."

ஞாயிற்றுக்கிழமை வெயில் வந்தது. மதிலில் கட்டம் போட்டு, சாக்பீஸில் உருவங்களை ஏற்றியிருந்தாள். கிளப் ஆட்கள், அக்கம்பக்கத்தார், சரசு, பிரான்சிஸின் மனைவி என்று கூட்டம் சேர்ந்தது. தேவராஜ் தாமதமாக வந்தார். மதிலைப் பார்த்ததும் நடை நின்றது.

இடது தோள் தாழ்ந்து, வலது கை விரிந்து, உடம்பு முழுக்க ஒரு காலின் மேல் நின்று இன்னொரு காலை வீசிக்கொண்டிருந்த அந்த இளைஞனை அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இப்டியா இருந்தேன்?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார்.

பிரான்சிஸ்தான் பதில் சொன்னார். "இப்படியேதான் இருந்தே. எதிர்ல நின்னவன் நான். எனக்குத் தெரியாதா?"

சரசு கேலி செய்யாமல் மதிலையே பார்த்தார். அதைக் குறித்துக்கொண்டேன்.

நித்யா இருவரையும் மதிலருகே கூப்பிட்டாள். பிரான்சிஸின் கையில் நான்கு விரல்கள்தான் வரையப்பட்டிருந்தன. மோதிர விரல் இருக்க வேண்டிய இடம் காலி. "இதை நேராப் போடவா, இப்ப இருக்கற மாதிரிப் போடவா? ரெண்டு பேரும் சொல்லுங்க. நான் முடிவு பண்ண மாட்டேன்" என்றாள்.

"நேராவே போடும்மா" என்றார் பிரான்சிஸ். "வயசானதெல்லாம் எடுத்துட்டே. இதை மட்டும் எதுக்கு விடறே? எனக்குத்தான் தெரியாதுன்னு சொன்னேனே."

"நீ சும்மா இரு" என்றார் தேவராஜ். நித்யாவிடம் திரும்பி, "இருக்கறதைத்தான் முதல்ல வரைவேன்னு சொன்னியே. வரை" என்றார்.

"மடங்கினதாவா அங்கிள்?"

"மடங்குனதாத்தான். பந்து எங்க?"

கிளப் அறையிலிருந்து ஒரு பந்தை எடுத்துவந்தார்கள். உருவங்கள் ஆள் உயரம் என்பதால் பந்தும் நிஜ அளவுதான். நித்யா விரலை வரைந்து முடிக்கும்வரை தேவராஜ் பந்தை இடுப்பில் அணைத்தபடி காத்திருந்தார். பிறகு நாற்காலியில் ஏறினார். சரசு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அவர் பந்தை இரண்டு கைகளாலும் மதிலில் அழுத்தினார்.

"ஹேண்ட் பால்!" என்று பிரான்சிஸ் கத்தினார்.

கூட்டம் சிரித்தது. தேவராஜ் சிரிக்கவில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டே மெதுவாக நகர்த்தினார். கம்பத்தின் பக்கமிருந்து உள்பக்கம், இன்னும் உள்பக்கம், மடங்கிய விரலின் நுனியில் தோல் இடிக்கிறவரை. அங்கே நிறுத்தினார்.

"சுத்தி வரைம்மா. கை வலிக்குது."

நித்யா சாக்பீஸால் பந்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். தேவராஜ் இறங்கிப் பந்தைத் தூசி தட்டினார். பிரான்சிஸ் மதிலருகே போய், தன் கையைச் சாக்பீஸ் கையின் மேல் வைத்துப் பார்த்தார். விரலோடு விரல் பொருந்தியது.

"இன்னும் ஒரு இன்ச் உள்ள அடிச்சிருந்தா வெளிய தள்ளியிருப்பேன்" என்றார்.

"ஒரு விரல் குடுத்தா கையையே கேப்பியே. போ மேன், போய் பை டூ சொல்லு."

மறுநாள் நான் திருச்சிக்குத் திரும்பினேன். வண்ணம் பூசி முடிய இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று. நித்யா போனில் படம் அனுப்பினாள். அடித்தவருக்குத் தொப்பை இல்லை, பாய்ந்தவருக்குக் கூன் இல்லை. மதிலில் வயதானது என்று மிஞ்சியிருப்பது அந்த ஒரு விரல்தான்.

தேவராஜ் மாலையில் மதிலுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறாராம். போகிற வருகிறவர்கள், "கீப்பர் தொட்டாரா தொடலையா?" என்று கேட்டால், "விரலைப் பாருப்பா, கண்ணு தெரியல?" என்கிறாராம்.

கீப்பரின் பச்சைக் கால்சட்டைக்குக் கீழே மடங்கியிருக்கும் என் இடது முழங்காலைப் பற்றி இதுவரை யாரும் விசாரிக்கவில்லையாம்.